அன்றைக்குக் கறுப்பு ஏற்றவில்லை

மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது உங்கள் ஊறுகாய்ப் பாட்டில் கையில் தட்டுப்பட்டது. ஊறுகாய் தீர்ந்து பல வருடமாயிற்று. இப்போது அதில் இருப்பது உப்பு. மூடியில் ஒட்டிய பிளாஸ்திரியில் உங்கள் கோணல் கையெழுத்து: "கறுப்புத் தொட்டி. பதினாலாவது ஓட்டம். நல்லா வந்துட்டு." மழைக்கால ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளே கல்லாகக் கட்டிப்போயிருக்கிறது. கவிழ்த்துத் தட்டினேன், அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை டெல்லியிலிருந்து கமிட்டி வந்துபோனது. அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகிவிட்டன என்பது தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

நாம் பழகியதே சண்டையில்தான். எங்கள் ஊர் மண்ணரையில், எங்கள் சாயப்பட்டறையின் கழிவுநீர் போய்ச்சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீங்கள் கெமிஸ்டாக வந்த புதிது. நான் பட்டறையில் டையிங் மாஸ்டர். நான் கொடுத்தனுப்பிய சாம்பிளைத் தூக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றீர்கள். "இது உம்ம தொட்டித் தண்ணி இல்ல வேய், உம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி" என்றீர்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் உங்கள் மீது கொதித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது உண்மை என்பதால் நான்காம் நாள் பேக்கரிக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த பேக்கரி பெஞ்சில் நாம் உட்காராத சாயங்காலம் குறைவு.

ஒரே வயதுக்காரர்கள். ஆனாலும் எங்கள் ஊர் வாய், வாங்க போங்க என்றுதான் வரும். தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு அது வேடிக்கை. "ஒரு நாளாவது அந்த ங்க-வைத் தூரப் போட்டுட்டு டேய்னு கூப்பிடும் வேய், கேட்டுட்டுச் சாகுதேன்" என்பீர்கள். எனக்குக் கடைசிவரை வரவில்லை.

உங்களை அரித்துக்கொண்டிருந்தது அந்தக் கலப்பு உப்பு. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும், கறுப்புக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். கழிவிலிருந்து தண்ணீரைத் திரும்ப எடுத்த பிறகு கடைசியில் பழுப்பாக ஓர் உப்புக் கலவை மிஞ்சும். அது எதற்கும் உதவாது, வெளியே கொட்டவும் கூடாது. கொட்டகை கொட்டகையாக அடுக்கி வைத்திருக்கிறோம், மழை பெய்தால் கரைந்து ஓடாதபடி மூடி மூடி வைக்கிறோம். உங்கள் அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். எந்த உப்பு எப்போது படியும் என்று காலால் மிதித்தே சொல்வார் என்பீர்கள். அதையே இங்கே செய்து பார்க்கலாம் என்று, பால் சொசைட்டி கழித்துப் போட்ட குளிரூட்டும் தொட்டி ஒன்றை வாங்கிவந்து எங்கள் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினீர்கள். கறுப்பு ஓடிய தண்ணீரை வடிகட்டி, சுண்டவைத்து, அதில் குளிரவிட்டீர்கள். பதினான்காவது முறை தொட்டியின் அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு உட்கார்ந்திருந்தது. அதே உப்பைப் போட்டு மறுநாள் ஒரு டி-ஷர்ட்டுக்குச் சாயம் ஏற்றிக் காட்டினேன். அதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனீர்கள்.

அப்புறம்தான் டெல்லிக் காகிதங்கள் வந்தன. நாட்டின் ஆராய்ச்சிக் கொள்கை, தொழில்நுட்பத் திட்டம் என்று ஒவ்வொன்றையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, வடை எண்ணெய் படிய எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "போட்டித்திறன்னு எழுதுதான். யாரு கூடப் போட்டின்னு எழுதலையே. வங்கதேசத்துக்காரன் கூடவா, நொய்யலாறு கூடவா?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். ஒரு கண்டுபிடிப்புக்கு ஒன்பது படிகளாம். முதல் மூன்று படிகளுக்குப் பெரிய ஆய்வு நிறுவனங்களுக்குப் பணம் உண்டு. கடைசி மூன்றுக்குக் கம்பெனிகள் வரும். நடுவில் நிற்கிற பால் தொட்டிக்குத்தான் ஆளில்லை. "நடுப்படியில நிக்கவன் பிடிச்சுக்கிட ஒரு கம்பி வேணும்லா, அதைத்தான் கேக்கேன்" என்றீர்கள். டாக்டர் பட்டம் இல்லாததால் உங்கள் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, நேரில் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது.

அவர்கள் வரும் நாளில் கறுப்புத் துணி லாட்டைக் காலை ஆறு மணிக்கு ஏற்ற வேண்டும் என்று மூன்று தடவை சொன்னீர்கள். நானும் சரீங்க என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அரசாங்கக் கார் வருகிறது என்று தெரிந்தால் போதும், கறுப்பும் நேவி நீலமும் ஓரமாகப் போய்விடும், சாயமும் உப்பும் குறைவான பேபி பிங்க் மிஷினில் ஏறும். வருகிறவர் கழிவுநீரைப் பார்க்க வருகிறாரா, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. அன்று விடிகாலையில் முதலாளி போன் செய்து, டெல்லி ஆட்கள் ஓட்டலை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். கறுப்புத் துணி ட்ராலியில் தயாராக நின்றது. அதைத் தள்ளிவிட்டு பேபி பிங்க்கை ஏற்றினேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் ஏற்றினேன்.

உப்பு பேருக்கு மட்டும் இருக்கும் தண்ணீரைச் சுண்டவைத்துக் குளிரவிட்டால் என்ன கிடைக்கும்? கமிட்டி ஆட்கள் நான்கு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். தொட்டியின் அடியில் ஒன்றும் படியவில்லை. நீங்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தீர்கள். இளஞ்சிவப்பாக இருந்தது. குவளையைத் தாண்டி என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு வார்த்தை போதும் உங்களுக்கு. கமிட்டி வருகிறது என்று வெளிர் நிறம் ஏற்றிவிட்டார்கள், நாளை வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தப் பழக்கம் வெளியே வரும், பட்டறைக்கு சீல் விழும், ஒடிசாவிலிருந்தும் உங்கள் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த அத்தனை பேரும் பெட்டியைக் கட்ட வேண்டும். குவளையை மெதுவாகக் கீழே வைத்தீர்கள்.

"என் கணக்கு தப்பிட்டு சார்" என்றீர்கள்.

சாயங்காலம் பேக்கரியில் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. இரண்டு டீ சொன்னீர்கள், சர்க்கரை கம்மியாக என்றீர்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் நான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. தொழிற்சாலைச் சூழலில் முறை செயல்படவில்லை என்று கமிட்டி ஆட்கள் எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை விண்ணப்பத்தில், முந்தைய சோதனை தோல்வியா என்று ஒரு கட்டம் இருந்தது. ஆம் என்று நீங்களே டிக் அடித்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியபோது, "எனக்கும் ஃபில்டர் போடுதாங்க வேய், என் பிளான்ட் ஓடலை" என்று சிரித்தீர்கள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டிப் பேச்சை மாற்றினீர்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம்தான்.

இந்த வருடம் புதிய திட்டம் ஒன்று அறிவித்தார்கள். அதே போட்டித்திறன், அதே நிலைத்த வளர்ச்சி. உங்கள் வீட்டம்மாவிடம் நீங்கள் சோதனைகளைக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி வந்து, உங்கள் பெயரையும் போட்டு நானே விண்ணப்பித்தேன். தார்ப்பாயை விலக்கித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். செவ்வாய்க்கிழமை காலை முதலாளி கேட்டார், "லைட் ஷேட் ஏத்தீட்டீங்களா?" ஏத்தீட்டேனுங்க என்று சொல்லிவிட்டுக் கறுப்பை ஏற்றினேன்.

உப்பு வந்தது. நீங்கள் பார்த்த அதே வெள்ளை. கமிட்டியில் வந்திருந்த தமிழ் தெரிந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, இவ்வளவு நன்றாக வருகிறதே, அன்றைக்கு ஏன் தோல்வி என்று இருக்கிறது என்று கேட்டார். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"அவரு கணக்கு தப்பலீங்க. நான்தான் பேபி பிங்க் ஏத்திப்போட்டேனுங்க. காரு வந்தா அப்படித்தான் பண்ணுவோமுங்க" என்றேன்.

அந்த அம்மா பேனாவைத் திறந்தார், படிவத்தை மேலும் கீழும் பார்த்தார், மூடிவிட்டார். "இதை எழுத இதில் இடம் இல்லையே ஐயா" என்றார். முறையை ஏதோ ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பி, முதல் படியிலிருந்து மறுபடி ஆராய்வார்களாம். இறந்தவர் பெயரைச் சேர்க்க வழியில்லையாம். பழைய அறிக்கையைத் திருத்தவும் முடியாதாம். கோப்பில் நீங்கள் இன்னமும் தோற்றவர்தான்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி வந்தார். கத்தவில்லை. "இந்த வாரத்தோட நின்னுக்குங்க" என்றார். அதிலும் ஒரு ங்க. சீல் வைக்க ஆள் வருமா என்று தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்கள் முகத்தில் தெரிகிறது. அத்தனை பேருக்காக நீங்கள் மூடிய வாயை நான் திறந்துவிட்டேன். செய்தது சரியா என்று கேட்க இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

இழுப்பறையில் எனக்கென்று இருந்தது ஒரு கத்தரிக்கோல், முருகன் படம், இந்தப் பாட்டில். மற்ற இரண்டையும் பட்டறையிலேயே வைத்துவிட்டேன். பாட்டிலை வண்டிப் பெட்டியில் வைத்து, பேக்கரி வரைக்கும் வந்து, நம் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிவத்தில் இடமில்லாததை இங்கே எழுதுகிறேன்: அன்றைக்கு உன் கணக்கு தப்பவில்லை. மன்னிச்சுக்கடா டேய்.