கிருபனுக்கு ஒப்பாரி பாடாதே

தண்ணீரூற்று,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுதாஜினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் சுகமாக இரு, அம்மாளாச்சி உனக்குத் துணை நிற்கட்டும். நான் நோர்வேயிலிருந்து திரும்பி வந்த பிறகு நீ போன் எடுக்கும்போதெல்லாம் இரண்டு சொல் கதைத்துவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் குறைப்பட்டாயாம். எப்படிக் கதைப்பது? அவர் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு காதைக் கொடுத்தபடி இருப்பார். அவர் கேட்கக்கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். இன்று அவர் நெல்லு விலை விசாரிக்கக் கிளிநொச்சிக்குப் போயிருக்கிறார். அறுவடை நேரம் பார்த்து மழை பெய்ததில் நெல் நனைந்து விலை இறங்கிவிட்டது. பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறார். சிவத்தப் பசு பெண் கன்று போட்டது, நாகு. ஊர்ப் புதினம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் உன் புதினம்.

உன் நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அதைத்தான் சொல்கிறேன். வாசலில் என் குளிர்ச்சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். கதிரைக்கெல்லாம் இலக்கம். மணி அடித்து விளக்கை அணைத்ததும் அத்தனை பெரிய மனிதர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள், இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து கச்சான் கடலைச் சரையை எடுத்துப் பிரித்தேன். முன்னால் இருந்த மனுசி திரும்பிப் பார்த்த பார்வையில் அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். நாங்கள் கோயிலடியில் பாயைப் போட்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, நடிக்கிறவனை ‘டேய், சத்தமாய்ப் பாடடா’ என்று அதட்டிப் பார்க்கிற சனம். அவர்கள் வேறு மாதிரி. அதில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிறகு நீ வெள்ளைச் சேலையோடு வந்தாய். பின்னால் திரையில் உன் அண்ணன் கிருபன். நம் வீட்டில் மாட்டியிருக்கிற அதே படம், போனமுறை வந்து நின்றபோது எனக்குச் சொல்லாமல் எடுத்திருக்கிறாய். அந்தப் படத்துக்கு நான் மாலை போட்டதில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஓமந்தையில் ஆமி பஸ்ஸில் ஏற்றினபோது கையைக் காட்டிவிட்டுப் போன பிள்ளை, கொண்டுபோனவர்கள் இன்றுவரை ஒரு பதிலும் சொல்லவில்லை. அங்கே திரையில் மாலை போட்டிருந்தது. அதைக்கூட நாடகம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். நீ நிலத்தில் குந்தி மாரில் அடித்து ஒப்பாரி தொடங்கினாய். உன் பெரியம்மா செத்த வீட்டில் நான் சொல்லி அழுதவைதான் அத்தனையும். அவவின் பெயர் வந்த இடமெல்லாம் ‘என்ர கிருபன் ராசா’ என்று மாற்றியிருந்தாய். செத்த உடம்பை நடுவில் கிடத்திவிட்டு அழுவதல்லவா ஒப்பாரி? உடம்பும் இல்லை, செய்தியும் இல்லை. நான் கத்தியிருக்கிறேன், மண்ணை அள்ளி வீசித் திட்டியிருக்கிறேன், அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரக் கொட்டகையில் பிள்ளைகளைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு இருந்திருக்கிறேன். ஒப்பாரியில் ஒரு வரிகூட அவனைச் சொல்லி என் வாயில் வந்ததில்லை. வரவிட்டதில்லை.

எழும்பி நின்று ‘நிப்பாட்டு பிள்ளை, அவன் சாகேல்லை, நிப்பாட்டு’ என்று கத்தினேன். இங்கே என்றால் நிறுத்தியிருப்பார்கள். நீ வந்து நின்ற வருடத் திருவிழாவில் உன் கண்ணாலேயே பார்த்தாய். கூத்தில் நம் ஊர்ப் பொடியன் விஜிதரன் செத்த இளவரசனாகக் கிடந்தபோது அவனுடைய தாய் மேடையில் ஏறி ‘காணும், எழும்படா தம்பி’ என்று கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். மூத்தவனைச் சண்டையில் பறிகொடுத்தவள் அவள். ஒருவரும் சிரிக்கவில்லை. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் தாளத்தை மாற்றி அடுத்த பாட்டுக்குப் போனார், இளவரசன் சாகாமலே அன்றைய கூத்து முடிந்தது. நீ என்ன செய்தாய்? என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உரத்துப் பாடினாய். சுற்றியிருந்தவர்கள் அசையவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள், பக்கத்திலிருந்த கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்களுக்கு நானும் உன் நாடகத்தில் ஒருத்தி. பிறகு நாடகம் பழக்குகிற அந்த நெட்டை மனிதர் வைன் கிளாசோடு வந்து ஏதோ சொன்னார். அம்மா எழும்பினதுதான் எல்லாத்திலும் திறமாம், நாளைக்கும் அந்த இடத்திலை எழும்பிக் கத்துவாவோ எண்டு கேக்கிறார் என்று நீ எனக்குச் சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் பெருமை இருந்தது சுதாஜினி. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வரும் வழியில் எங்கட கதை இந்தச் சனத்துக்குத் தெரியவேணும் அம்மா என்றாய். தெரிந்துகொண்டார்கள், தெரிந்துகொண்டு வைன் குடித்தார்கள்.

நடந்தது அங்கேயே கிடக்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். நீ பாடின வீடியோ எனக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறேன், படலையடியில் அழுகைச் சத்தம். பக்கத்து வளவுத் தனுஷாவின் தாயும் இன்னும் இரண்டு பெண்களும் தலையை விரித்துக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். தனுஷா பின்னால் நின்று ‘மாமி, கிருபன் அண்ணையின்ர செய்தி வந்திட்டுதாம், எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லையே’ என்று விம்முகிறாள். போனில் உன்னைப் பார்த்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவளே பெயர் சொல்லி ஒப்பாரி வைத்துவிட்டாள் என்றால் நம் சனம் வேறெப்படி விளங்கிக்கொள்ளும்? அவர்களில் பிழை இல்லை. ஆனாலும் ஆறுதல் சொல்ல வந்தவர்களை விளக்குமாறு எடுக்காத குறையாகக் கலைத்துவிட்டேன். அப்பா வயலில் நின்றதால் தப்பினார். அரசாங்கக் கந்தோரால் வந்து மரணப் பத்திரம் தாறம், ஒரு கையெழுத்து வையுங்கோ என்று கேட்கிறவர்களை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இவ்வளவு காலமும் திருப்பி அனுப்பினோம். இனி வருகிறவர், உங்கட மகளே அழுது முடிச்சிட்டா, பிறகென்ன அம்மா என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

அடுத்த மாதம் சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் அந்த நாடகம் போகிறதாம், அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். போகட்டும். நடிக்காதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. உன் குரல் நன்றாக இருந்தது, அது பொய்யழுகை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ அவன் வழியைப் பார்த்திருந்து களைத்துவிட்டாய். அவனை ஒருதரம் அழுது முடித்துவிட்டால் உன் பாட்டுக்கு இருக்கலாம் என்று நினைக்கிறாய். பெற்ற எனக்கே அவனை அழுது முடிக்கிற உரிமை இன்னும் வரவில்லை மகள், உனக்கு அதை யார் தந்தது? அவன் படத்தை இறக்கு, பெயரை எடு. ஒப்பாரி இல்லாமல் நாடகம் நிற்காது என்றால் என் படத்தை மாட்டி, மாலையும் போட்டு, என் பெயரைச் சொல்லிப் பாடு. எனக்கு ஒன்றும் ஆகாது, அப்படி ஏதும் ஆனாலும் பரவாயில்லை. தனுஷாவின் தாய் அழுதுகொண்டு வந்தால் நானே படலையைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துச் சமாளிப்பேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு, பாணைக் கடித்துக்கொண்டு ஓடித் திரியாதே. கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறவாதே. மேடையில் ஏறுமுன் என் பெயரைச் சொல்லிப் பலதரம் பாடிப் பழகு, வாய் தவறி அவன் பெயர் வந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
கிருபனுக்கும் உனக்கும் அம்மா,
முத்துலிங்கம் வடிவம்மா