லிட்டருக்கு நாற்பத்தைந்து

ஜூன் 15, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். வேதியியல் ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இங்கே யாரும் தேட மாட்டார்கள்.

இன்று பொய்க்கணக்குப் போட்டேன்.

அப்பா சொட்டுநீர்க் குழாய் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஊர் ஊராய்த் தோட்டங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மாதம் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் ஆகும். கம்பெனி கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் தருகிறது. பழைய வண்டி லிட்டருக்கு அறுபது ஓடியது. லிட்டர் நூற்றொரு ரூபாய் பெட்ரோல் போக மிஞ்சும் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அம்மா கைக்கு வரும். பாலும் மளிகையும் அதில்தான்.

பழையதைக் கொடுத்துவிட்டு, சீட்டுப் பணத்தையும் போட்டு, பெரிய வண்டி வாங்க வேண்டும் என்கிறார். முந்நூற்றைம்பது சிசி. "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து ஆசை. பத்தொம்பது வருஷம் ஆச்சு" என்றார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ரீனா கணக்குப் போடட்டும். அவ சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

எவ்வளவு ஓடும் என்று கேட்டேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற அப்பா நான்கு விரலைக் காட்டினார். பிறகு ஐந்து. வண்டிக் கடையில் முப்பத்தைந்து என்று சொன்னதை நானும் கேட்டேனே! அவர் முகம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையனின் முகம் போல இருந்தது.

நாற்பத்தைந்து என்று எழுதினேன். மாதம் நானூற்று அறுபது மிஞ்சும் என்று வந்தது.

"ஆயிரம் குறையுது. சரி, சமாளிச்சுக்கிறேன். வாங்குங்க" என்றாள் அம்மா.

ஜூன் 22

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து செம்பட்டி வரை போய் வந்தாள். இறங்கும்போது சிரித்தாள்.

ஜூலை 20

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன் என்றார் அப்பா. முப்பத்தொன்று.

"ஓட்ட ஓட்டக் கூடும் பாப்பா."

"எவ்வளவுப்பா?"

அப்பா பேச்சை மாற்றினார். மெக்கானிக் ஃபாரிஸ் அண்ணன் ஆயில் மாற்றினாராம். கூலி இலவசம், ஆயிலுக்குக் காசு. "சின்ன வண்டிக்கு ஒரு லிட்டர் ஊத்துனா போதும்ணே. இது குடிக்கும், ரெண்டு லிட்டர் கிட்ட" என்றாராம். செயினுக்குத் தனியாக ஒரு ஸ்ப்ரே. பின் டயர் விலையைக் கேட்டுவிட்டு அப்பா டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டார்.

முப்பத்தொன்று என்றால் மிச்சம் கிடையாது. மாதம் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் கைக்காசு போகும். அம்மாவுக்குச் சொன்ன நானூற்று அறுபதையும் அப்பா சம்பளத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

அம்மா தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள். "எங்கதான் போகுதோ காசு. நாந்தான் கண்டதையும் வாங்குறேன் போல." பால் அரை லிட்டராகிவிட்டது. இன்றிலிருந்து சிவனம்மாள் பெரியம்மா தோட்டத்துக்கு மல்லிகை எடுக்கப் போகிறாள். விடியுமுன் எடுக்க வேண்டும். நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 12

பள்ளிக்கூடம் போக செம்பட்டியில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். கூட்டத்துக்கு நடுவில் அப்பா. கையில் ஹெல்மெட்.

கண்டக்டர், "ஏண்ணே, ஹெல்மெட்டோட ஏறியிருக்கீக? நம்ம டிரைவர் மேல அம்புட்டு நம்பிக்கையா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார்.

ஆபீஸ் போகிற நாளெல்லாம் வண்டியை செம்பட்டி ஸ்டாண்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் போகிறாராம். சாயங்காலம் ஸ்டாண்டில் எடுத்து, ஹெல்மெட்டை மாட்டி, வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறார்.

இறங்கும்போது, "அம்மாட்ட சொல்லிராத தங்கம்" என்றார்.

செப்டம்பர் 6

சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரே ஒருவர் இருக்கும்போது சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 17

தோட்டத்தில் அம்மா காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டுவிரியன். "நான் டார்ச்சத் திருப்புறேன், அது என்னையப் பாக்குது, நான் அதப் பாக்குறேன். சிவனம்மாக்கா கூடையோட ஓடுனா பாரு, பூ பூராம் வரப்புல!" என்று நடித்துக் காட்டினாள். அப்பா சிரிக்கவில்லை. நான் எழுந்து போய்விட்டேன்.

அவ காலு அங்க எதுக்கு இருக்கு? நான் எழுதுன நாப்பத்தஞ்சுனால. வேற யாரு?

செப்டம்பர் 19

அப்பாவிடம், "சொல்லிருவோம்ப்பா" என்றேன்.

"காலாண்டுப் பரீட்சைய முடி முதல்ல."

என் பரீட்சைக்கும் இதற்கும் என்ன? அம்மா நாளையும் போவாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் குத்தவைத்து, "முப்பத்தொண்ணுதான்மா ஓடுது. நாப்பத்தஞ்சுன்னு நான் தப்பா எழுதிட்டேன். உன் மேல தப்பில்ல" என்றேன். எல்லாக் கணக்கையும் வரிசையாகச் சொன்னேன். பஸ்ஸை மட்டும் சொல்லவில்லை.

அம்மா கத்தவில்லை. மீனைப் பார்த்தபடியே கேட்டாள். "நீயாப் போட்டியா, யாரும் போடச் சொன்னாங்களா?"

"நானாத்தான்."

"இம்புட்டுப் பெரிய தப்பு உனக்கு வராதே."

வாசலில் துணி தேய்க்கிற சத்தம் நின்றது. அப்பா உள்ளே வரவில்லை. ராத்திரி அம்மா என் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்தாள், கையில் தரவில்லை. மறுபடியும் பொய் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை யாரும் கேட்காமலே. அப்பா வாயைத் திறக்கவே மாட்டாரா? அவருக்காகத்தானே…

மணி பத்தே முக்கால். அடுப்படியில் இரண்டு பேர் குரலும் கேட்கிறது. வெகுநேரமாக அப்பா மட்டும்தான் பேசுகிறார். அம்மா ஒரு தடவை, "பஸ்ஸுலயா?" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

பேச்சு நின்றுவிட்டது. யாரோ நடந்து வருகிறார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். "ரீனா, லைட்டு எரியுதுல்ல, நடிக்காத. தெறடி. உங்கப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு…"