மிளகளவுக் கட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்வீடனிலிருந்து ரோஜா. நான் சுகம். உன் வாய்ப்புண் ஆறியதா? கேப்பைக்கூழாவது இறங்குகிறதா?

இங்கே ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை ஜெல்லி போன்ற பசையில் கலந்து, மருந்துகளைச் சோதிக்க மிளகளவுக் கட்டிகளாக இயந்திரத்தில் அச்சடிக்கிறோம். பசைக்குள் அவை உயிரோடு வளர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

திங்களன்று, உனக்கு ஏற்றும் அதே மருந்தை ஒரு கட்டியில் விட்டேன். இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தது. நம்பாமல் மறுபடி மறுபடி பார்த்தேன், அம்மா.

"திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அலைஞ்சிக்கினு கெடக்க முடியாது, இனிமே ஊசி வேணாம்" என்று அண்ணனிடம் சொன்னாயாமே? உன் உடம்பில் எப்படியோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மருந்து வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போய் வா.

போகும்போது வாட்ஸப்பில் உன் குரலை அனுப்பு. என்னைத் திட்டினாலும் சரி. இங்கே என் பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
ரோஜா