பதினான்கு தவளைகளும் ஒன்பது கிளிகளும்

மார்ச் 3, திங்கள்
மேலாளர் கூப்பிட்டார். அடுத்த ஆண்டு முதல் காப்பகத்தில் ஓர் இனத்துக்குத்தான் இடமாம். நீலக்கழுத்துக் கிளியா, கோட்டுத் தவளையா? இரண்டையும் ஒப்பிட்டு நான் அறிக்கை எழுத வேண்டும். பத்து வருடமாகக் கிளிக்கூண்டில் கிடக்கிறவனிடம் தீர்ப்பு கேட்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மார்ச் 5
எழுதிய வரை: கிளி ஒன்பது. காட்டில் இன்னும் நாற்பது இருக்கலாம். என்னைப் போலவே தும்மிக் காட்டும். தவளை பதினான்கு. ஓடையில் ஒன்றுகூட இல்லை, நம் தொட்டியில் இருப்பதுதான் மொத்தமும். கத்தாது. தண்ணீரை வாயால் குடிக்காது, தோலால் உறிஞ்சும்.
வருகிறவர்கள் கிளியிடம்தான் நிற்கிறார்கள்.

மார்ச் 6
தவளை அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நாளை அறுவை சிகிச்சை. திரும்பி வரும்வரை தவளைகள் என் பொறுப்பு. "உன் கிளிங்கள மாதிரி கொஞ்சாத. தொடாம இருந்தாலே போதும்" என்றார். அறிக்கையில் எதை எழுதப்போகிறாய் என்று கேட்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 9
தவளை என்று எழுதிவிட்டேன். உலகத்திலேயே இவ்வளவுதான் என்றால் வேறென்ன எழுத? கிளிகள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

மார்ச் 10
தொட்டியெல்லாம் பாசி. பதினான்கையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மாற்றிவிட்டுக் கழுவினேன். கிளியிடமிருந்து நோய் எதுவும் ஒட்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கிருமிநாசினியில் முக்கிக்கொண்டேன். கிளிக்கூண்டில் அதுதான் சட்டம். அக்கா வந்து பார்த்தால் அசந்துபோவார்.

மார்ச் 11
பதினொன்று செத்துக் கிடந்தன.

மார்ச் 12
மீதி மூன்றும்.
கால்நடை மருத்துவர் என் கையுறையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தோலால குடிக்கும்னு நான்தானே எழுதினேன்! என் கையெழுத்துதானே! தெரிஞ்சே எப்படி — நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவை என் கையால் கெட்டன.
"கிளிக்காரன் காரியத்த முடிச்சிட்டான்" என்று காவலாளி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. இல்லைதானே?

மார்ச் 13
மருத்துவமனைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தன மிச்சம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தவளை என்றுதான் எழுதியிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

மார்ச் 17
அறிக்கையை நீட்டினேன். "இனிமே எதுக்குப்பா அது?" என்றார் மேலாளர். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21
தவளை அறையைக் கிளிகளுக்கே கொடுத்துவிட்டார்கள். தொட்டிகளை அப்புறப்படுத்தும் வேலை எனக்கு. அக்கா இன்றுதான் வேலைக்கு வந்தார். "கனம் தூக்கக் கூடாதுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அக்கா முதல் தொட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"அந்தப் பக்கம் பிடி."