அக்குளில் இல்லாத வெள்ளை

நெம்மேலிக் குப்பம்
12.7.1999

அன்பு மருமகள் வினிதாவுக்கு மாமன் காத்தவராயன் எழுதுவது. உன் அம்மா, அத்தை வச்சலா, எல்லாரும் சுகம். கோடியக்கரையில் பறவை ஆராய்ச்சி பண்ணுகிற உனக்குக் கிடைக்காத பறவை இங்கே உன் மாமனுக்குக் கிடைத்துவிட்டது. வயிறு எரியாதே.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை பேய்க்காற்று. காயப்போட்ட வலையில் கன்னங்கரேலென்று ஒன்று வந்து விழுந்தது. பன்னிரண்டு அடி இறக்கை, கத்தரிக்கோல் வால், தொண்டையில் சிவப்புப் பை, மூக்கு நுனியில் கொக்கி. நாலு பேர் ஓடிப்போனார்கள். நான்தான் கழுத்தைப் பிடித்தேன். கையில் இரண்டு தையல். அத்தை ஒன்று என்பாள், நம்பாதே. இரண்டு நாள் காரப்பொடி மீன் போட்டு வைத்திருந்து, காற்று அடங்கியதும் பறக்கவிட்டேன். அதற்குள், புதுப் படகுக்குப் பேர் எழுத வந்திருந்த பெயின்டர் ரவிச்சந்திரனை விட்டு முகப்பிலேயே அதன் படத்தை எழுத வைத்துவிட்டேன். இது எந்த ஊர்ப் பறவை, சொல்.

இப்படிக்கு,
பறவை பிடித்த மாமன்

கோடியக்கரை
17.7.1999

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை எங்கள் சாரிடம் காட்டினேன். போன வருஷம் நீங்கள் சொன்ன ஏழடி ஆமையை நம்பி வந்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றவர் அவர். சிரித்தார். ஆனால் கொக்கி, சிவப்புப் பை என்று படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இது கப்பல் பறவை, மாமா. பார்க்க ஒன்றுபோலவே மூன்று ஜாதி. வெள்ளை எங்கே, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். ஒரு ஜாதி உலகத்திலேயே ஒரே ஒரு தீவில்தான் முட்டையிடும். எது என்று உங்களிடம் சொல்லக்கூடாதென்று சார் உத்தரவு. உங்களுடையது அதுவானால் என் பேரில் பத்திரிகைக்குக் குறிப்பு எழுதலாம் என்கிறார். எனக்கு அது முதல் குறிப்பு. கும்பிட்டுக் கேட்கிறேன், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வினிதா

நெம்மேலிக் குப்பம்
21.7.1999

மருமகளே,

வெள்ளையா கேட்டாய்? வயிற்றில் வெள்ளை. அதோடு நின்றதா? இரண்டு பக்கமும் வழிந்து அக்குள் வரைக்கும் வெள்ளை, பால் சொம்பு கவிழ்ந்த மாதிரி. மூன்றில் எதற்கு வெள்ளை அதிகமோ அதுதான் நம் பறவை என்று சாரிடம் தைரியமாகச் சொல். என் போட்டோ வேண்டுமென்றால் மாமல்லபுரம் போய் எடுத்து அனுப்புகிறேன்.

மாமன்

கோடியக்கரை
25.7.1999

மாமா,

அக்குள் வரை வெள்ளை என்றால் அது சின்னக் கப்பல் பறவை. காற்றடித்தால் ஒன்றிரண்டு கரைக்கு வருவதுதான். வயிற்றில் மட்டும் வெள்ளை, இறக்கைக்கு அடியில் முழுக்கக் கறுப்பு என்றிருந்தால்தான் கிறிஸ்துமஸ் தீவுப் பறவை. பரவாயில்லை. சார் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வினிதா

நெம்மேலிக் குப்பம்
28.7.1999

வினிதா,

சுகம் விசாரிக்கவில்லை, கோபிக்காதே. அக்குளில் வெள்ளை இல்லை. வயிற்றில் மட்டும்தான். வவ்வால் மீனில் வெள்ளைக்குத்தானே மதிப்பு, கறுப்பை யார் கேட்கிறார்கள்? அந்தப் புத்தியில் வெள்ளையைக் கூட்டி எழுதிவிட்டேன்.

இப்போது நான் எதைச் சொன்னாலும், நீ எழுதியதைத் திருப்பிச் சொல்கிறேன் என்றுதான் சார் நினைப்பார். என் பேச்சை விடு, படகைப் பார். நானும் அத்தையும் இறக்கையை விரித்துப் பிடித்திருக்க, ரவிச்சந்திரன் பார்த்துப் பார்த்து எழுதினான். எடுப்பாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் வெள்ளை அடி என்றேன். "இன்னா கீதோ அதத்தான் போடுவேன் அண்ணாத்த. உன் வாய் மாரி என் பிரஷ் இழுத்துகினு போவாது" என்றான். அத்தை சிரித்த சிரிப்பில் பறவை கை நழுவப் பார்த்தது.

உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே காய்ந்த பெயின்ட் அது. சாரைக் கூட்டி வா. ரவிச்சந்திரனைத் தனியாகக் கேட்கட்டும். அன்றைக்கு நான் வேறொருவன் படகில் கடலுக்குப் போய்விடுகிறேன்.

காத்தவராயன்

நெம்மேலிக் குப்பம்
9.1.2000

பேர் பெற்ற மருமகளுக்கு,

பத்திரிகை வந்தது. மேலே உன் பேர். கீழே 'பிடித்து விடுவித்தவர்: காத்தவராயன், மீனவர்'. பக்கத்தில் நம் படகின் முகப்பு. மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அத்தை அதை மடித்து அரிசி டின்னில் வைத்தாள். அந்த ஆமை மூன்றடிதான் என்று சாரிடம் சொல்லிவிடு. மூன்றரை என்றாலும் தப்பில்லை.

நேற்று மீன் ஏலத்தில் எல்லாருக்கும் பத்திரிகையைக் காட்டிவிட்டு, படகண்டை கூட்டிப்போனேன். மீன் எடுக்க வந்த காசியம்மாள் குனிந்து பார்த்து, "இன்னா காத்தவராயா, அக்குள்ல வெள்ள கீதே" என்றாள். உப்புத் தண்ணீரில் அந்த இடத்துக் கறுப்பு உரிந்து, அடியில் பூசியிருந்த வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது. ஓடிப்போய்க் கறுப்பு டப்பாவை எடுத்து வந்தேன். எல்லாரும் பார்க்க, ஒரு பொட்டு வெள்ளை விடாமல் நானே அடித்து மூடினேன்.

உன் மாமன்,
காத்தவராயன், மீனவர்