கடிகாரத்துக்கு இடம் விட்ட கடல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் படங்களிலேயே தெரிகிறது, அதனால் அதைக் கேட்கவில்லை. இங்கே நானும் மாமாவும் சுகம், அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். வாட்ஸப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மின்னஞ்சலில் இவ்வளவு நீளம். முழுக்கப் படி.

நீ அனுப்பிய தீவுப் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஃபோனுக்கு நெட்டுவாக்கில் ஒன்று, கம்ப்யூட்டருக்குப் படுக்கைவாக்கில் ஒன்று, டேப்லெட்டுக்குத் தனியாக ஒன்று என்று அளவெடுத்துச் சட்டை தைத்த மாதிரி அனுப்பியிருக்கிறாய். மேலே மணி தெரிய வேண்டுமே என்று வானத்தைக் காலியாக விட்டிருக்கிறாயாம், மாமா சொல்லிச் சொல்லி வியக்கிறான். என் வியப்பு வேறு. அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று நான் எழுதியதற்கு, இதை வால்பேப்பரா வைங்க, அப்பாவுக்கு மனசு அமைதியா இருக்கும் என்று பதில் போட்டாயே, அதை எந்தக் கையால் தட்டினாய்? பேசச் சொன்னால் சிக்னல் இல்லை என்கிறாய். ஒரு ஹலோவைத் தாங்காத சிக்னல் அத்தனை கடலையும் மலையையும் சுமந்துகொண்டு வந்துவிட்டது, பலசாலிதான். நான் ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்கப் படம் பார்க்கிறவள். அங்கே வருகிற படங்களில் அழகு கிடையாது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருக்கிறார். உன் படங்களில் ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை, உன் நிழல்கூட இல்லை. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் மாட்டத்தான் லாயக்கு.

மாமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் மருமக எடுத்தது என்று கண்ணில் பட்ட திரையில் எல்லாம் ஏற்றிவிட்டான். அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கம்ப்யூட்டரில் உன் பாறைக் குவியல். ஃபோல்டர் எது பாறை எது என்று தெரியாமல் ஆபீஸ் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னக்கா, மோதிரத்தைக் கடல்ல போட்ட மாதிரி தேட வேண்டியிருக்கு என்று என்னிடம் புலம்புகிறாள். அப்பாவின் ஃபோனில் நீலத் தண்ணீரும் ஓரத்தில் ஒரு சிவப்பு மிதவையும். கண்ணாடி போடாமல் அதை ஏதோ புது ஆப் என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்தான், மச்சான், அது மிதவை, அமுக்கினா முங்கிட்டு மேலதான் வரும் என்றான். அப்பா சிரிக்கவில்லை. பாப்பா அனுப்புனதுதானே, அமுக்குனா அவகிட்ட போகும்னு நினைச்சேன் என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை ஆபரேஷன். கட்டியை எடுத்துடலாம், உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்ப வருமா, வந்தா எப்படி வரும்னு மட்டும் இப்போ சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். அதுவரை அதிகம் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி என்று தெருவையே எழுப்புகிற மனிதர் இப்போது டேஷ்போர்டைத் தட்டித்தான் வண்டி கற்றுக்கொடுக்கிறார். வீட்டிலும் தட்டல்தான், தண்ணீர் வேண்டுமென்றால் மேசையில் தட்டுகிறார். தட்டினால் சத்தம் கொடுக்க நான் என்ன மிருதங்கமா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எரிந்து விழுந்தேன். பாப்பா கூப்பிடுவா, அதுக்கு வேணும் என்றார். எனக்கு இல்லாத குரலை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். சாயந்திரமானால் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஃபோனை எதிரில் வைத்து உட்காருகிறார். உன் கடல் வந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிடுகிறது, மறுபடி தட்டி எழுப்புகிறார்.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியாதா? தேய்ந்துபோன அந்தக் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாய், அதனால் நல்ல அழகான இடமாகப் பார்த்துப் போய் ஒளிந்துகொண்டாய். பயப்படு, தப்பில்லை. பயத்துக்கு ஃப்ரேம் போட்டு எங்கள் தலையில் கட்டாதே, பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிடு. என்னை அல்ல, அவரை. என்ன சொல்ல வைத்திருக்கிறார் என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார், வண்டியைப் பற்றிய ஏதாவது மொக்கையாகத்தான் இருக்கும். நீ குறுக்கே பேசி அவர் வார்த்தையை வீணாக்காதே. அழுகை வந்தால் மியூட்டில் போட்டுவிட்டு அழு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே, அந்தப் பாறைகள் வழுக்கும். கோபத்தில் எழுதினாலும் என் ஆசி எப்போதும் உன் கூடத்தான் இருக்கும், நல்லபடியாக இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இப்படி ஒரு கடிதம் வந்ததாக அவரிடம் மூச்சு விடாதே. நீயாகத்தான் கூப்பிட்டாய் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா