வராத விளையாட்டுக்கு முன்பதிவு

இன்று காலை ஷோரூம் கதவைத் திறக்கும் நேரத்தில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நாம் விளையாடிய அந்தத் தீவு வீடியோ விளையாட்டின் நான்காம் பாகம் அடுத்த ஆண்டு வரப்போகிறதாம். இப்போதே முன்பதிவு செய்கிறவர்களுக்கு விளையாட்டுக்குள் ஒரு கலங்கரை விளக்கம் இலவசமாம். படமும் போட்டிருந்தார்கள். நம் முட்டம் கடற்கரையில் நிற்பதைப் போன்றதுதான், ஆனால் உச்சியில் பச்சை வெளிச்சம். படத்துக்குக் கீழே ஒரு பொத்தான்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் அந்தப் பொத்தானைப் பார்த்ததும் விரல் தன்னாலே உன் எண்ணைத் தேடிப் போனது. ஒரு விளையாட்டை வெளிவருவதற்கு முன்பே வாங்கலாமா, பொறுக்கலாமா என்று நான் கேட்டதெல்லாம் உன்னிடம் மட்டும்தான். அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி விடுகிறேன்.

2004இல் நாம் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தோம். நீ தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வருவாய். எனக்குப் புதுக்கடை ஊரிலேயே வீடு. சந்திப்பில் பேக்கரிக்கு மேல் மாடியில் ஒருவர் சில டிவிகளை வைத்து கேம் கடை நடத்தினார். கீழே ரொட்டி வேகும் மணம் மாடிவரை வரும். அங்கேதான் முதல் பாகத்தை விளையாடினோம். கப்பல் உடைந்து இரண்டு பேர் ஒரு தீவில் ஒதுங்குவார்கள். மரம் வெட்டி, கயிறு திரித்து, படகு கட்டித் தப்பிக்க வேண்டும். ஒருவன் நான், மற்றவன் நீ.

நான் கட்டிய படகைப் பார்த்து நீ சிரித்தது நினைவிருக்கிறது. "எடே, இந்த வள்ளத்துல ஏறினேன்னு தெரிஞ்சா எங்க அப்பன் என்னைய வீட்டுல ஏத்தமாட்டாரு" என்றாய். உன் அப்பா கடலுக்குப் போகிறவர். படகின் முன்பக்கம் எப்படி வளைய வேண்டும் என்று நீ காற்றில் விரலால் வரைந்து காட்டினாய். விளையாட்டில் அப்படி வளைக்க வழியில்லை. ஆனாலும் தப்பித்தோம்.

படிப்பு முடிந்ததும் நான் மார்த்தாண்டத்தில் இருசக்கர வாகன ஷோரூமில் சேர்ந்தேன். உன் மாமா விசா எடுத்துக் கொடுத்தார். நீ வளைகுடாவில் ஒரு பெரிய மின்சாதனக் கடைக்கு விற்பனையாளனாகப் போனாய். எந்தப் பிரிவில் போடுவார்களோ என்று நீ பயந்துகொண்டிருக்க, வீடியோ கேம் பிரிவிலேயே போட்டார்கள். போன் செய்து, "மக்கா, நம்ம சோலியே வெளயாட்டுதாண்டே" என்று சொன்னபோது உன் குரல் உடைந்து உடைந்து வந்தது. லைன் சரியில்லை என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாம் பாகம் வரப்போவதாக அறிவித்ததும் உன்னைத்தான் கேட்டேன். முன்பதிவு செய்தால் ஒரு சிவப்புப் படகு கிடைக்கும் என்று போட்டிருந்தது. எனக்கு அது வேண்டும் போலிருந்தது.

"அந்த செவப்புப் படகும் மத்த படகு மாதிரிதாண்டே. நெறம் மட்டும்தான் செவப்பு" என்றாய்.

"நீயே அங்க எல்லாரையும் புக் பண்ண வைக்கிய. எங்கிட்ட மட்டும் வேண்டாங்கிய?"

"அது எனக்க சோலி. நீ எனக்க கூட்டுக்காரன். ஒனக்கு கேமு வேண்டாம் மக்கா, அது வரும் வரும்னு பாத்திட்டு இருக்கதுதான் வேணும். அது தப்பில்ல. ஆனா அதுக்கு எதுக்கு இப்பவே வாங்கணும்? சும்மாவே பாத்திட்டு இரு."

நான் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிவந்த வாரம் நீ ஓய்வு நேரத்தில் கடையிலேயே விளையாடிப் பார்த்துவிட்டு, "வாங்கலாம்டே" என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினாய். பிறகு விடுமுறையில் வரும்போது நீயே கொண்டுவந்தாய். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விளையாடினோம். உங்கள் கரையில் ஓணத்துக்குப் பிறகு வலை நிறைய மீன் பாடு இருந்த சமயம் அது. உன் அம்மை கொடுத்தனுப்பிய நெய்மீனை என் அம்மா பொரித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். நாம் அதை எடுத்துத் தின்ற கையோடு விளையாட்டைத் தொட, எனக்கென்று நீ கொண்டுவந்த புது கேம் பெட்டியின் கைப்பிடியெல்லாம் மீன் வாசனை. நல்ல விளையாட்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாம் பாகத்தின்போது நிலைமை மாறியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே நீ கூப்பிட்டாய். கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து உங்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து, பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம்.

"எடே, கடல பாக்கணுமே! அலை அடிக்கது, நொரை ஒதுங்குது, எல்லாம் நம்ம கடல் மாதிரியே இருக்கு. இந்த தடவ வள்ளத்துக்க முன்பக்கம் வளையுதுடே. கண்ண மூடிட்டு புக் பண்ணு."

நீ ஒன்றைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முன்பதிவு செய்தேன். உன் கடையிலும் வருகிறவர்கள் எல்லோரையும் செய்ய வைத்தாய். கடையிலேயே நீதான் முதலிடம் என்று சொன்னாய்.

வந்தபோது அது ஓடவில்லை. டிஸ்க்கைப் போட்டால் முதல் திரையிலேயே நின்றது. இணையத்திலிருந்து மிகப் பெரிய ஒரு திருத்தத்தை இறக்கினால்தான் மேலே போகும் என்றது. என் வீட்டு இணைப்பில் அது நாள்கணக்கில் இறங்கியது. அப்புறமும் ஆள் மணலுக்குள் புதைந்து போவான். சில சமயம் தீவே காணாமல் போய்க் கடல் மட்டும் இருக்கும். நான் இதை உன்னிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "ஆட்கள் வந்திட்டு இருக்காவ. பெறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாய்.

அடுத்த வருடம் நீ ஊருக்கே திரும்பி வந்தாய். "ஆளக் கொறச்சிட்டாங்க" என்றாய். அந்த நாட்களில் பலரும் அப்படித் திரும்பிக்கொண்டிருந்ததால் யாரும் மேலே கேட்கவில்லை. புதுக்கடையில் உன் மாமாவின் மொபைல் கடையில் உட்கார்ந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு வருவாய். கிரிக்கெட் பார்ப்போம், சாப்பிடுவோம். மூன்றாம் பாகத்தை நாம் சேர்ந்து விளையாடவே இல்லை. ஒருநாள் நான் டிஸ்க்கை எடுத்தபோது, "வேண்டாம்டே, அதப் பாத்தா எனக்கு வெறுப்பா இருக்கு" என்றாய். வயதாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அப்போது கல்யாணம் நடந்திருந்தது.

பிறகு அந்த மழைக்காலம். காய்ச்சல் என்று இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாய். கண் மஞ்சளாக இருந்ததை உன் மாமாதான் பார்த்தார். எலிக்காய்ச்சல் என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சொன்னபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். நீ கையை லேசாகத் தூக்கினாய். அதற்கு மேல் எழுத எனக்குச் செய்தி ஒன்றும் இல்லை.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான்.

உன் அடக்கத்துக்குப் பாறசாலையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகும் அவர் போகவில்லை. உங்கள் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க அவனுக்க கூட்டுக்காரனா?" என்று கேட்டார். வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தவராம்.

"எனக்கு இந்த விளையாட்டு ஒண்ணும் தெரியாது தம்பி. ஊருல இருக்க எனக்க மோனுக்கு வாங்கணும்னு கடைக்குப் போனேன். புதுசு ஒண்ணு வரப்போவுது, அத புக் பண்ணுங்கோன்னு அவன்தான் சொன்னான். லீவுல வரச்சில பெட்டியும் டிஸ்க்கும் கொண்டு வந்தேன். எங்க வீட்டுல நெட்டு ஏது? ஓடல்ல. லீவு முடியது வரைக்கும் மோன் அந்த முதல் படத்தையே பாத்திட்டு இருந்தான்."

திரும்பிப் போகும்போது அவர் அந்தப் பெட்டியையும் எடுத்துப் போயிருக்கிறார். உன் கடைக்கு வந்து, தான் எதையாவது தப்பாக அமுக்கிவிட்டோமோ என்று கேட்டிருக்கிறார். சண்டை போட வரவில்லை.

"அவன் மொகம் செத்துப் போச்சு தம்பி. பெட்டிய வாங்கி அவனுக்க ரூமுக்குக் கொண்டு போயி, என்னமோ எறக்கி, ஓடுதான்னு பாத்து, திருப்பித் தந்தான். எங்க ஊர்க்காரன் ஒருத்தங்கிட்ட குடுத்து அனுப்பினேன். மோன் வெளயாடினான். நல்லாத்தான் இருக்குன்னு சொன்னான்."

அவர் அதோடு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு கடைக்குப் புது விளையாட்டுக்கு முன்பதிவு செய்ய வந்தவர்களிடம் எல்லாம், "வரட்டும், நான் வெளயாடிப் பாத்திட்டு சொல்லுதேன், அப்போ வாங்குங்க" என்று நீ திருப்பி அனுப்பினாயாம். மேலாளர் ஒரு தடவை எச்சரித்தார். இன்னொரு தடவையும் எச்சரித்தார். பிறகு உன்னை அனுப்பிவிட்டார்.

"என்னாலயாக்கும் அவனுக்க சோலி போச்சுன்னு எனக்கு ஒரே சங்கடம். நேர கேட்டேன். எதுக்கு மோனே, நீயும் மத்தவன மாதிரி சும்மா இருந்திருக்கப்பிடாதான்னு. அவன் சொன்னான்: 'அண்ணே, நான் பாத்திட்டுதான் சொல்லுதேன்னு நெனச்சு நீங்க வாங்கினிய. நான் பாக்கல்ல'ன்னு."

அடுக்களை வாசலில் நின்ற உன் அம்மை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட ஆளக் கொறச்சாவன்னுல்லா சொன்னான்" என்றாள். திட்டுவது போலத்தான் சொன்னாள். பிறகு அவருக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டாள். அவர் சொன்னார்.

அந்த மாதம் மூன்றாம் பாகத்தை மறுபடி போட்டேன். இதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தார்கள். ஆள் புதையவில்லை, தீவு காணாமல் போகவில்லை. நீ சொன்ன அலையும் நுரையும் இருந்தன. படகின் முன்பக்கம் வளைந்தது. உனக்குப் பதிலாக இரண்டாவது ஆளைக் கணினியே ஆட்டுவித்தது. அவன் மரத்தடியில் நிற்பதைத் தவிர அதிகம் ஒன்றும் செய்யவில்லை. கடைசிவரை விளையாடி முடித்தேன். நல்ல விளையாட்டுதான். உன்னிடம் காட்டியது பொய்யில்லை. அப்போது அது தயாராகவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் பாகத்தை நான் முன்பதிவு செய்யவில்லை. வந்த பிறகு பார்ப்பேன். இதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. அந்தக் கலங்கரை விளக்கம் வேண்டுமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று பட்டது.

ஆனால் இந்த ஆண்டு ஷோரூமில் ஒன்று நடந்தது. புது ஸ்கூட்டர் ஒன்று வரப்போவதாக விளம்பரம் வந்து, வண்டி வருவதற்கு முன்பே நாங்கள் பதிவு எடுத்துக்கொண்டிருந்தோம். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் எடுத்துப் புதுக்கடை, கருங்கல் பக்கமெல்லாம் விற்கிற ஒரு அக்கா வந்தார். படத்தைக் காட்டி, "ஏலே மக்கா, இதுக்கு எனக்க பேர எழுது" என்றார்.

எழுதுவதுதான் என் வேலை. பேனாவும் கையில்தான் இருந்தது.

"அக்கா, பின்னால என்ன வைப்பிய?"

"மீன் பெட்டி. பின்ன என்ன, மாப்பிளையவா வைப்பேன்? பெட்டி நெறய ஐசும் கெடக்கும்."

"அவ்வளவு பாரத்த வச்சிட்டு கரையில இருந்து மேல வார அந்த ஏத்தத்துல ஏறுமான்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் இன்னும் வண்டிய பாக்கல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்ன நீ எதுக்குலே இங்க இருக்க?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அக்காவின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, வண்டி வந்ததும் கூப்பிடுகிறேன் என்று அனுப்பினேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதைப் பேசினார். வேலை போகவில்லை. போகலாம் என்று தெரிந்தது.

ஷோரூமுக்கு முதல் வண்டி வந்து இறங்கியதும், பின்னால் ஒரு மீன் பெட்டியைக் கட்டி, அது நிறைய ஈர மணலை நிரப்பி, உங்கள் கரையிலிருந்து மேலே ஏறுகிற அந்த ரோட்டில் ஓட்டினேன். ஏறியது. இறக்கத்தில் மட்டும் பிரேக்கைப் பையப் பிடிக்க வேண்டியிருந்தது. மேலே வந்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"பாத்திட்டேன்க்கா" என்றேன்.